முறையல்லாத நாளில் தண்ணீர்

பன்னிரண்டு பேரை எட்டுப் பேராக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தாளில் இருந்த சங்கதி அவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஜோடனை. மறுசீரமைப்பு, திறன் மேம்பாடு, செலவுக் கட்டுப்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். அம்மானுக்குப் பக்கத்தில் இருக்கும் சால்ட் நகரத்து மேட்டுத் தெருக்களில் ஒரே ஒரு நாளாவது குனிந்து வால்வு திருகியவன் எவனும் அதை எழுதியிருக்க மாட்டான். அது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாரத்தின் முதல் வேலைநாளில், தண்ணீர்த் துறையின் மண்டல அலுவலகத்தில் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்துப் பொறியாளர் ஹதீல் அதை வாசித்தாள். முப்பத்துமூன்று வயதுப் பெண். பதவிக்கு வந்து ஒன்றரை வருடம். குரல் நடுங்காமல் வாசித்துவிட வேண்டும் என்று பார்த்தாள், முடியவில்லை. ஆறு வண்டிகள் இனி நான்கு. வண்டிக்கு இரண்டு பேர். மூன்று பேர் தாங்களாகவே போவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது, ஒருவர் குவைத்தில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். நான்காவதாக ஒருவர் போக வேண்டும். யார் என்று இரண்டு வாரத்தில் முடிவாகும்.

எல்லாரும் கலைந்தபோது, "அபூ தியாப், நீங்க கொஞ்சம் இருங்க" என்றாள்.

மூத்த மகன் தியாபின் அப்பா என்று ஊரே அப்படித்தான் ஃபவாஸைக் கூப்பிடும். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக இதே மேட்டுத் தெருக்களில் வால்வு திறப்பவர். வாரத்தில் ஒரு நாள்தான் ஒரு தெருவுக்குத் தண்ணீர். அந்த முறை நாளில் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு மிச்ச ஆறு நாளை ஓட்ட வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எந்த வால்வைத் திறந்தால் எதை மூட வேண்டும், எத்தனை சுற்று, எல்லாம் அவருக்குக் கைப்பாடம்.

ஹதீல் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். போன வருடம் வால்வுக் குழிகளில் மாட்டிய பதிவுப் பெட்டிகள் துப்பிய தாள் அது.

"நாப்பத்தியொண்ணு. ஒரு வருஷத்துல நாப்பத்தியொரு தடவை, முறை இல்லாத நாள்ல வால்வைத் தொறந்திருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம். மத்த வண்டிங்கள்ல மூணு, நாலுதான். ஏன்?"

"மறந்து தொறந்திருப்பேன்மா."

"யாரு, நீங்களா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட எந்த வால்வு எத்தனை சுத்துன்னு சொல்ற ஆளு."

"வயசாச்சுல்ல."

"யாருக்காவது காசு வாங்கிட்டுத் தண்ணி விட்டீங்களா?"

ஃபவாஸின் முகம் கறுத்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சிருங்க" என்று ஹதீல் பதறினாள். "நான் நம்பலை. ஆனா மேல இருக்கறவங்க இதைத்தான் கேப்பாங்க. ஒரு காரணம் எழுதிக் குடுங்க, நான் உங்களுக்காகப் பேசறேன். காரணமே இல்லைன்னா நாலாவது பேரு உங்க பேருதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னும் ஒரு தடவை இந்த மாதிரி தொறந்தாலும் அவ்வளவுதான்."

"சரிம்மா" என்று எழுந்தார்.

வெளியே வண்டியில் அத்தல்லா காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, நல்ல பருமன், ஊரின் பழைய கிறிஸ்தவக் குடும்பத்து ஆள். மகன் பெயர் ஈசா, அதனால் அபூ ஈசா. பத்தொன்பது வருடமாக இந்த இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே ரொட்டிப் பொட்டலம், ஒரே சண்டை. ஃபவாஸ் நடந்ததைச் சொன்னதும் அத்தல்லா ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சாவு வீட்டுக்குத் தொறந்தேன்னு ஒரு வார்த்தை! அதுல என்னய்யா வெக்கம்?"

"ஒரு வார்த்தையா? நாப்பத்தியொரு வீட்டுப் பேரை வரிசையா எழுதணும். முறை மீறித் தண்ணி புடிச்சா வீட்டுக்காரனுக்கு அபராதம்னு சட்டம் இருக்கா இல்லையா? புருஷனைப் புதைச்ச பொம்பளைக்கு ஆபீஸ்லருந்து நோட்டீஸ் போகணும், அதுக்கு நான் சாட்சி சொல்லணும். நல்லா இருக்குய்யா உன் யோசனை."

அந்த நாற்பத்தொன்றுக்கும் முந்தி, எந்தப் பெட்டியும் பதிவு செய்யாத முதல் திறப்பு ஒன்று உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் அத்தல்லாவின் மனைவி நிதா இறந்துபோனாள். துக்கம் கேட்கிற மூன்று நாளும் ஊர் திரண்டு வந்து உட்கார்ந்த வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மாடித் தொட்டியில் தடதடவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அன்று வால்வுச் சாவி யார் கையில் இருந்தது என்று அத்தல்லாவுக்குத் தெரியும். ஃபவாஸ் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, இவரும் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், அது வேறு வம்பு. அன்றிலிருந்து மேட்டுத் தெருக்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பள்ளிவாசல் வீடோ தேவாலய வீடோ, அந்தத் தெருவுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்துவிடும். கேட்டு வாங்கியவர் எவருமில்லை. அப்படியொரு வழக்கம் இருப்பதாகக்கூட எவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

"உன் பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குய்யா" என்று அத்தல்லா கொஞ்ச நேரம் கழித்து முனகினார்.

"தெரியும். வண்டியை எடு."

ஃபவாஸின் இளைய மகள் ஷதா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தியாப் ராணுவத்தில் சிப்பாய், அவன் சம்பளம் அவன் மனைவி மக்களுக்கே போதாது. இந்த வேலை போனால் ஷதாவின் படிப்பும் போகும். அதை அத்தல்லா சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

பத்து நாள் போனது. புதன்கிழமை விடியற்காலையில் புர்ஹான் இறந்துபோனார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. முப்பது வருடம் அம்மானுக்குப் பஸ் ஓட்டிய புர்ஹான், ஹதீலின் அப்பா. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் தாமதமானால் தெருமுனையில் ஹார்ன் அடித்துக் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போகிற மனுஷர். ஷதாவே எத்தனையோ நாள் கையில் ரொட்டியோடு ஓடிப்போய் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். ஃபவாஸ் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் தெருவுக்கு முறை நாள் சனிக்கிழமை. ஆறு வாரமாக நோயாளி படுத்துக் கிடந்த வீடு, தினமும் விரிப்பும் துணியும் துவைத்தே தொட்டி வற்றியிருந்தது. காலை எட்டு மணிக்கு அந்த வழியாக வண்டியில் போனபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையல் எண்ணெய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள். லாரித் தண்ணீர் சொல்லிவிட்டிருக்கிறார்களாம். ஆகஸ்ட் மாதத்தில் லாரிக்காரன் நாளைக்கு என்பான், நாளை போய்க் கேட்டால் நாளன்றைக்கு என்பான். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்குள் மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டும்.

அலுவலக வாசலில் ஷிஹாதா நின்றிருந்தான். இன்னொரு வண்டிக்காரன். வாய் சும்மா இருக்காது, கெட்டவனும் இல்லை.

"அபூ தியாப், உங்களுக்கு அதிர்ஷ்டம் கதவைத் தட்டுது" என்று கண்ணடித்தான். "இன்ஜினியரம்மா வீட்டுத் தெருவுக்கு ரெண்டு சுத்து விடுங்க. நாலாவது பேரு வேற யாராவது ஆயிடுவான்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஃபவாஸ் பதிலுக்குச் சிரிக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

வால்வுக் குழிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அத்தல்லா இறங்கி மூடியை நெம்பித் தள்ளினார். ஆள் உயர இரும்புச் சாவியைப் பின்னாலிருந்து உருவினார். ஃபவாஸ் இறங்கவே இல்லை.

"வாய்யா, நேரம் ஆகுது."

"இரு."

"என்ன இரு? அங்க மனுஷன் கிடக்கறாரு."

"ஷிஹாதா சொன்னதைக் கேட்டல்ல?"

"அவன் வாயில மண்ணு விழ! அவன் என்னைக்கு ஒழுங்காப் பேசியிருக்கான்?"

"அவன் மட்டுமா பேசப் போறான்? அப்பன் செத்த அன்னிக்கு வீட்டுக்குத் தண்ணி விட்டு வேலையைக் காப்பாத்திக்கிட்டான்னு ஊரே பேசும். அந்தப் பொண்ணும் அப்படித்தான் நெனைக்கும். அட, என் மனசே நெனைக்குதுய்யா! காலையிலருந்து ஒரு மூலையில ஓடிக்கிட்டிருக்கு, இதோட என் பேரு தப்பிச்சிரும்னு. அதை நெனைச்சுக்கிட்டே சாவியைத் திருகுனா அந்தத் தண்ணி எப்படிய்யா சுத்தமா இருக்கும்? மய்யித்து மேல ஊத்தற தண்ணி."

அத்தல்லா சாவியை ஊன்றிக்கொண்டு நின்றார். "அப்ப தொறக்கப் போறதில்லையா?"

"தொறக்காம இருக்க முடியுமாய்யா? நிதாவுக்குத் தொறந்தேன், முகமே தெரியாத வீட்டுக்கெல்லாம் தொறந்தேன். புர்ஹானுக்குத் தொறக்க மாட்டேன்னா நான் என்ன மனுஷன்?"

ஃபவாஸ் சட்டென்று ஓட்டுநர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தல்லா திறந்த குழிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்று, போகிற வண்டியைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார்.

அலுவலகத்தில் எழுத்தர் மட்டும்தான் இருந்தான். ஃபவாஸ் விருப்ப விலகல் பாரம் கேட்டார். அவன் புரியாமல் எடுத்துக் கொடுத்தான். பெயர், பணி எண், கையெழுத்து.

"முத்திரை போடு. தேதியோட நேரத்தையும் எழுது."

"நேரம் எதுக்குங்க? இந்தப் பாரத்துல நேரம்னு கட்டமே இல்லையே."

"ஓரத்துல எழுது. எழுதுன்னா எழுதேன்ப்பா."

அவன் எழுதினான். ஒன்பது பத்து.

குழிக்குத் திரும்பி வந்து நகலை அத்தல்லாவிடம் காட்டினார். அத்தல்லா இரண்டு தடவை படித்தார். பிறகு அதைச் சுருட்டி ஃபவாஸின் நெஞ்சில் எறிந்தார்.

"அறிவு கெட்டவனே! உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஷதாவை என்ன பண்ணுவே? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியாய்யா? நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே! நான் ஒண்டிக்கட்டை, ஈசா அவன் பாட்டுக்குச் சம்பாதிக்கறான், எனக்கு என்ன வேணும்?"

"அதனாலதான் கேக்கலை" என்றார் ஃபவாஸ். "வா, புடி. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்கு இதுல ஒண்ணும் வர்றதில்லை."

அத்தல்லா அழுதுகொண்டே சாவியின் மறுகையைப் பிடித்தார். இருபத்திரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வசவு. பதினைந்தாவது சுற்றில் குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு மேடேறியது. ஒன்பது ஐம்பதுக்கு வால்வு முழுதாகத் திறந்திருந்தது. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து வந்து மூடிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இரண்டு பேரும் ஜனாஸா ஊர்வலத்தோடு நடந்தார்கள். ஹதீல் உள்ளே பெண்களோடு இருந்தாள், அவளை அவர்கள் பார்க்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி உம்மு தியாப் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஃபவாஸுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்டுக்குத் தண்ணி போச்சா?"

"போச்சு."

"நல்லாக் குளிப்பாட்டினாங்களா?"

"பண்ணியிருப்பாங்க."

"சரி" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், பாத்திரங்களை அன்றைக்குத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுக் கழுவினாள்.

ஏழு வாரம் ஓடியது. ஃபவாஸ் குழாய் ரிப்பேருக்குப் போனார். ஒரு வீட்டில் ஒழுகும் குழாய், இன்னொரு வீட்டில் தொட்டி மிதவை. வருகிற வருமானம் ரொட்டிக்குச் சரியாகப் போயிற்று. ஷதா, "இந்தப் பருவம் போகலைப்பா, மருந்துக்கடையில ஆள் கேக்கறாங்க, அடுத்த வருஷம் சேந்துக்கறேன்" என்று பாடப்புத்தகம் வாங்கி வரப் போகிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஃபவாஸ் தலையை ஆட்டினார். திறந்ததற்கு வருத்தப்பட்டாரா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. இரண்டும் உண்மை.

ஹதீல் மூன்று தடவை போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள், போகவில்லை. அத்தல்லா மட்டும் வாரத்துக்கு நான்கு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, புது ஏற்பாட்டைத் திட்டிவிட்டுப் போவார். அவரைக் கீழ்த் தெருக்களுக்கு மாற்றிவிட்டார்கள். மேட்டுத் தெருக்கள் இப்போது ஷிஹாதாவின் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் வாசலில் மூன்று பேர். முன்னால் கறுப்பு உடையில் ஹதீல். பின்னால் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அத்தல்லா. அவருக்கும் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு ஷிஹாதா.

உம்மு தியாப் அடுப்படிக்கு ஓடினாள். "ஷதா, தலையை ஒழுங்கு பண்ணு! கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. ஷிஹாதாவுக்கு ஒரு பையன் இருக்கான்ல, பேங்க்ல?"

"அம்மா! எனக்கு வேணாம்."

"வாயை மூடிட்டுக் காப்பிக் கிண்ணத்தை எடு."

பெரிய விஷயம் கேட்டு ஒரு வீட்டுக்குக் கூட்டமாக வருகிறவர்கள், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான், பகை தீர்க்க வந்தாலும் அப்படித்தான். கூட்டத்தில் மூத்த ஆம்பிளைதான் பேசுவார். ஃபவாஸ் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். மூன்று பேரும் வாங்கினார்கள், மூன்று பேரும் மேசை மேல் வைத்துவிட்டார்கள். அத்தல்லா எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டு, தொண்டையைச் செருமினார். ஒரு வார்த்தை வரவில்லை. மறுபடியும் செருமினார். கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல ஆளைப் புடிச்சீங்க பேசறதுக்கு" என்றார் ஃபவாஸ்.

"நானே பேசறேன்" என்றாள் ஹதீல். "நான் பொண்ணு, பேசக் கூடாதுன்னா எங்க அப்பா சார்பா பேசறேன்னு வச்சுக்கோங்க. அன்னிக்குத் தண்ணி வந்தப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. என்ன கிழமைங்கறதே மறந்துபோச்சு. நாலு நாள் கழிச்சு ஆபீஸ் வந்து பெட்டியப் பாத்தேன், ஒன்பது அம்பதுக்குத் தொறந்திருக்கு. மேசையில உங்க பாரம். ஓரத்துல ஒன்பது பத்துன்னு எழுதியிருக்கு. அந்த நேரம் எதுக்குன்னு அத்தல்லா மாமாகிட்ட கேட்டேன். அப்பறம் அந்த நாப்பத்தியொண்ணுக்கும் தேதியப் பாத்தேன். ஊர்ல ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சாவு." அவள் கையைப் பிசைந்தாள். "நான் உங்களப் பாத்துக் காசு வாங்கினீங்களான்னு கேட்டேன்."

"அதை விடும்மா. உன் கடமை, கேட்டே."

"விட மாட்டேன். பாரத்தைத் திரும்ப வாங்கிக்கோங்க. இன்னும் தலைமை ஆபீஸுக்கு அனுப்பலை. நாலாவது ஆளுக்குப் பதிலா என் காரையும் டிரைவர் வேலையையும் வெட்டச் சொல்லி எழுதினேன். ஒரு மாசம் இழுத்தடிச்சாங்க, ஒத்துக்கிட்டாங்க. டிரைவருக்குத் தலைமை ஆபீஸ்லயே இடம் இருக்கு. நான் உங்க வண்டியிலயே வந்துக்கறேன்."

"அபூ ஈசாவோட உடம்புக்கு அந்த வண்டியில எனக்கே எடம் பத்தாது."

ஷிஹாதா சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. ஃபவாஸ் தலையை அசைத்தார்.

"வேணாம்மா. உன் நல்ல மனசுக்கு ஆயுசு கூடட்டும். ஆனா இதை வாங்கினேன்னா, அன்னிக்கு உங்க அப்பாவுக்கு விட்ட தண்ணிக்குக் கூலி வாங்கின மாதிரி ஆயிரும். அதுக்குப் பயந்துதானே நேரத்தை எழுதச் சொன்னேன். ஏழு வாரம் கழிச்சு வந்தாலும் கூலி கூலிதான். மன்னிச்சுக்கோ. காப்பியக் குடிங்க."

யாரும் தொடவில்லை. ஹதீல் ஷிஹாதாவைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"அண்ணே" என்றான். இதுவரை அபூ தியாப் என்றே கூப்பிட்டவன். "மேல, பேக்கரிக்குப் பின்னாடித் தெருவுல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. முப்பது வயசு. ரெண்டு சின்னப் புள்ளைங்க. அவங்க முறை நாளுக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சு. நான் குழிகிட்ட வண்டியை நிறுத்தினேண்ணே. சாவியைக்கூட எடுத்தேன். அப்பறம் உங்களை நெனைச்சேன். தொறந்தவருக்கு வேலை போச்சு, நமக்கு எதுக்குன்னு சாவியை உள்ள போட்டுட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா வீடு வீடாப் போய்க் குடம் குடமா வாங்கி மகளைக் குளிப்பாட்டினாங்களாம். எங்க தெரு வழியாவும் போனாங்க. எங்க வீட்லயும் ஒரு குடம் வாங்கினாங்கண்ணே."

ஊரையே வாயால் கலாய்க்கிற அந்த மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி விக்கி அழுதான்.

"கூலி குடுக்க வரலை, சித்தப்பா" என்று ஹதீல் ஃபவாஸைப் பார்த்துச் சொன்னாள். "எங்க அப்பாவுக்குக் கிடைச்சது அந்த வீட்டுக்குக் கிடைக்கலை. நான் போட்ட பயம்தான் காரணம். அதைச் சரிபண்ணத்தான் உங்களைக் கேட்டு வந்திருக்கேன். இனிமே பதிவுத் தாள்ல சாவு வீடுன்னு ஒரு காரணம் இருக்கு, நானே சேத்துட்டேன். யார் வீடுன்னு கட்டம் கிடையாது. யாருக்கும் நோட்டீஸ் போகாது. ஆனா காரணத்தைத் தாள்ல எழுதினா மட்டும் போதுமா? எந்த வீட்ல சாவுன்னு கேக்காமலே தெரிஞ்சுக்கற ஆள் வேணும்."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் உம்மு தியாப் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அந்தத் தாயின் கையில் இருந்த குடம்தான் ஃபவாஸின் கண்முன் நின்றது. அவருடைய மானமும் ஒன்பது பத்தும் அந்தக் குடத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. தான் மட்டும் சுத்தமாக வெளியே வந்துவிட்டு, தெருக்களை அப்படியே விட்டுவிட்டு வந்ததாகத் தோன்றி அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னைக்குச் செத்துச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"புதன்கிழமைண்ணே."

"புதன், வியாழன், வெள்ளி." விரல் விட்டு எண்ணியவர் நிமிர்ந்தார். "அப்ப இன்னிக்குத்தானே மூணாம் நாளு? ஜும்ஆ முடிஞ்சு ஊரே அந்த வீட்டுக்குத்தானே போயிருக்கும்?"

"ஆமாண்ணே."

"அட மடையன்களா!" ஃபவாஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "அங்க நூறு பேர் வந்து உக்காந்திருப்பாங்க, ரெண்டு பச்சைப் புள்ளைங்க இருக்கு, கை கழுவ ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது. இங்க வந்து கோட்டு மாட்டிக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்திருக்கீங்க! சாவி எங்கய்யா?"

"வண்டியில" என்றார் அத்தல்லா. அவர் முகம் பூராவும் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது.

"கேட்டது கிடைச்சிருச்சு, குடிச்சுட்டு எழுந்திரிங்க. சீக்கிரம்!"

மூன்று பேரும் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்கள். ஹதீல் கிண்ணத்தை வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா போனதிலிருந்து அவள் இப்படி அழவில்லை. உம்மு தியாப் வெளியே வந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "அழும்மா, அழு, அவங்க போகட்டும்" என்றாள்.

ஃபவாஸ் வாசலுக்கு வந்தபோது ஷதா அவருடைய வேலை பூட்ஸைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கல்படியில் உட்கார, அவளே குனிந்து கயிறு கட்டிவிட்டாள்.

"கிளம்புப்பா" என்றாள். "தண்ணி மேல ஏறவே கால் மணி நேரம் ஆகும்."